ஒரு சாண் மண்ணும் ஒரு பெரிய குப்பாவும்: இமாம் ஷாஃபிஈயின் வாழ்க்கையும் கெய்ரோ அடக்கத்தலமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கெய்ரோவுக்குப் போகிறேன், ஷாஃபி இமாம் அடங்கியிருக்கும் இடத்துக்கு எப்படிப் போவது என்று யாராவது கேட்பார்கள். வழி சொல்ல ஆரம்பித்தால் அது எப்படியோ ஒரு மணி நேரப் பேச்சாகிவிடுகிறது. அதனால் வழக்கமாக வரும் கேள்விகளை எல்லாம் ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். சிலதுக்கு நீளமான பதில், சிலதுக்கு ஒன்றிரண்டு வரி.

ஷாஃபி இமாம் யார்? நமக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

முழுப்பெயர் முஹம்மது இப்னு இத்ரீஸ் அஷ்ஷாஃபிஈ. ஹிஜ்ரி 150-ல், அதாவது கி.பி. 767-ல், காஸாவில் பிறந்தவர் என்பது பெரும்பாலானோர் சொல்வது. குறைஷிக் குலம். இமாம் அபூஹனீஃபா பாக்தாதில் காலமானதும் அதே வருடம்தான். வருடம் மட்டுமல்ல, நாளே ஒன்று என்று சொல்பவர்களும் உண்டு. அது பேச்சுக்கு அழகு சேர்க்க யாரோ சேர்த்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தொடர்பு என்று கேட்டால், காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ சுபுஹு என்ற அதிகாலைத் தொழுகையில் இமாம் குனூத் என்ற துஆவை ஓதக் கேட்டிருப்பீர்களே, அந்தத் தொடர்புதான். தமிழகக் கடற்கரை முஸ்லிம்களில் பெரும்பகுதி, இலங்கை முஸ்லிம்கள், மலபார், அப்புறம் மலேசியா, இந்தோனேசியா வரை ஷாஃபிஈ மத்ஹப்தான், அதாவது அவர் வகுத்த மார்க்கச் சட்ட வழி. கப்பல் போன வழியெல்லாம் போன மத்ஹப். உள்ளூர்ப் பக்கம் ராவுத்தர் குடும்பங்களில் பெரும்பாலும் ஹனஃபி, அதாவது இமாம் அபூஹனீஃபாவின் வழி. ஒரே ஊரில் இரண்டும் இருந்தால் அஸர் என்ற மாலைத் தொழுகைக்கான பாங்கு ஒரு பள்ளியில் முன்னால் கேட்கும், இன்னொன்றில் பின்னால் கேட்கும்: பொருளின் நிழல் ஒரு மடங்கு நீண்டதும் அஸர் என்பது ஷாஃபிஈ, இரண்டு மடங்கு ஆக வேண்டும் என்பது ஹனஃபி. கணவாய் மீன் ஆகுமா ஆகாதா என்று சம்பந்தி வீட்டில் பேச்சு வந்தாலும் ஷாஃபிஈக்காரர் பேசிக்கொண்டே சாப்பிட்டுவிடுவார்.

பணக்காரக் குடும்பமா?

இல்லவே இல்லை. தகப்பனார் சீக்கிரமே போய்விட்டார். பிள்ளைக்கு இரண்டு வயதாகும்போது தாயார் தூக்கிக்கொண்டு மக்காவுக்கு வந்துவிட்டார், குலத்துச் சொந்தங்கள் அங்கே இருக்கிறார்கள் என்று. உஸ்தாதுக்குக் கொடுக்கக் காசு கிடையாது. ஆனால் பையன் சூட்டிகை. உஸ்தாது எழுந்து வெளியே போனால் மற்றப் பிள்ளைகளுக்கு இவனே பாடம் சொல்லிக்கொடுப்பான். சரி, இதுவே கூலிக்குப் பதிலாக இருக்கட்டும் என்று உஸ்தாதும் விட்டுவிட்டார்.

எழுதக் காகிதம் வாங்க வழியில்லை. அகலமான தோள்பட்டை எலும்புகளைப் பொறுக்கிவந்து அதில் எழுதி, வீட்டிலிருந்த ஒரு பழைய ஜாடிக்குள் போட்டுவைப்பாராம். அரசாங்க அலுவலகத்துக்குப் போய், அவர்கள் வேண்டாமென்று ஒதுக்கிய தாள்களைக் கேட்டு வாங்கி, பின்பக்கத்தில் எழுதிக்கொள்வாராம். அவரே சொன்னதாகச் சீடர்கள் அறிவித்த செய்திகள் இவை. ஏழு வயதில் குர்ஆன் மனப்பாடம், பத்து வயதில் இமாம் மாலிக்கின் முவத்தா என்ற நபிமொழி நூல் மனப்பாடம் என்றும் சொல்வார்கள். எனக்கென்னவோ அந்த எலும்பு நிறைந்த ஜாடிதான் மனசில் நிற்கிறது.

அப்புறம் ஹுதைல் என்ற பாலைவனக் கோத்திரத்தோடு போய்த் தங்கி சுத்தமான அரபியும் கவிதையும் கற்றார். வில்வித்தையும் பழகினார். பத்து அம்பு விட்டால் பத்தும் இலக்கில் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். கேட்டுக்கொண்டிருந்த ஒருவர், “அம்பைவிட உங்களுக்கு இல்மு (மார்க்க அறிவு) நன்றாக வருகிறது” என்றாராம்.

யாரிடம் ஓதினார்?

மக்காவில் முஸ்லிம் இப்னு காலித் அஸ்ஸன்ஜீ, ஸுஃப்யான் இப்னு உயைனா. பிறகு மதீனாவில் இமாம் மாலிக். அவர் 795-ல் மறையும் வரை அங்கே. அதற்குப் பிறகு யமன் பக்கம் நஜ்ரானில் அரசு வேலை. நேர்மையாக இருந்ததாலோ என்னவோ அங்கே எதிரிகள் சேர்ந்துவிட்டார்கள். கலீஃபாவுக்கு எதிராக, நபிகளாரின் மருமகன் அலீயின் வம்சத்தாரை ஆதரிக்கிறார் என்று புகார் போய், விலங்கு பூட்டி ஹாரூன் ரஷீதின் முன்னால் நிறுத்தினார்கள். கூட வந்தவர்களின் தலை போனது, இவர் மட்டும் தன் பேச்சாலும் அங்கே இருந்த முஹம்மது அஷ்ஷைபானியின் சிபாரிசாலும் தப்பினார் என்கிறார்கள்.

இந்த ஷைபானி யாரென்றால் இமாம் அபூஹனீஃபாவின் நேரடிச் சீடர். உயிரைக் காப்பாற்றியவரிடமே உட்கார்ந்து ஓதினார். “அவரிடமிருந்து ஓர் ஒட்டகச் சுமை இல்மு சுமந்து வந்தேன்” என்று பின்னாளில் சொன்னாராம். ஹனஃபி, ஷாஃபிஈ என்று நம் ஊர்ப் பள்ளிகளில் முறைத்துக்கொள்பவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கலாம்.

அப்படி என்ன புதிதாகச் செய்துவிட்டார்?

அந்தக் காலத்தில் மதீனாக்காரர்கள் ஒரு வழி, இராக்காரர்கள் ஒரு வழி. மதீனாவில் ஊர் நடைமுறைக்கு மதிப்பு அதிகம், இராக்கில் சொந்த ஆய்வுக்கு மதிப்பு அதிகம். இவர் இரண்டு பக்கமும் ஓதியவர். ஒரு தீர்ப்பு எங்கிருந்து வர வேண்டும், எதற்குப் பிறகு எது என்று வரிசை கட்டினார்: குர்ஆன், நபிவழி, அறிஞர்களின் ஒருமித்த கருத்தான இஜ்மா, பிறகு ஒப்பிட்டு முடிவெடுக்கும் கியாஸ். இதைப் பேசும் நூல்தான் ரிஸாலா. சட்டக்கலையின் விதிகளை ஒழுங்காக எழுதிவைத்து நம் கைக்கு வந்திருக்கும் முதல் நூலாக இதைத்தான் சொல்வார்கள். இன்னொரு பெரிய நூல் உம்மு.

எகிப்துக்கு எப்போது போனார்? “பழைய சொல்”, “புதிய சொல்” என்று ஹஜ்ரத்துகள் (மார்க்க அறிஞர்கள்) சொல்கிறார்களே, அது என்ன?

பாக்தாதில் இருந்தபோது சொன்னவை பழைய சொல், கதீம். அங்கே அவரிடம் பாடம் கேட்டவர்களில் ஒருவர் இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல். ஹிஜ்ரி 199 வாக்கில், கி.பி. 814-815, எகிப்தின் ஃபுஸ்தாத் நகருக்கு வந்தார். இன்றைய கெய்ரோவின் பழைய பகுதி அது. வந்த பிறகு ரிஸாலாவையே திருத்தி மறுபடி எழுதினார், பல மஸ்அலாக்களில் (சட்டப் பிரச்சினைகளில்) தன் பழைய முடிவை மாற்றிக்கொண்டார். அதுதான் ஜதீத், புதிய சொல். நாற்பத்தெட்டு வயதில், ஊரெல்லாம் பெயர் பரவிய பிறகு, நான் சொன்னது சரியில்லை என்று தன் எழுத்தைத் தானே அடித்து எழுதுவதற்கு ஒரு மனசு வேண்டும். மத்ஹப் இன்று பெரும்பாலும் நிற்பது அந்தப் புதிய சொல்லின் மேல்தான். ஆதாரமான ஹதீஸ் (நபிமொழி) கிடைத்தால் அதுவே என் மத்ஹப், என் சொல்லை விட்டுவிடுங்கள் என்றும் சொல்லிவைத்தார்.

எகிப்தில் அவரிடமிருந்து மத்ஹபைச் சுமந்தவர்கள் மூன்று பேர் முக்கியம்: புவைதீ, முஸனீ, ரபீஃ அல்முராதீ. இதில் புவைதீ, குர்ஆன் படைக்கப்பட்டது என்ற அன்றைய அரசின் கொள்கையை ஒப்புக்கொள்ள மறுத்ததால் பாக்தாத் சிறையில் விலங்கோடு இறந்தவர்.

எப்படி இறந்தார்?

எகிப்தில் இருந்தது ஐந்தாறு வருடம்தான். கடைசிக் காலத்தில் கடுமையான மூல நோய், ரத்தப்போக்கு நிற்கவில்லை. அந்த நிலையிலும் பாடம் நடந்தது, புத்தகம் எழுதப்பட்டது. எதிராளிகள் அடித்ததால் இறந்தார் என்றும் ஒரு கதை சுற்றுகிறது. அதை ஆய்ந்தவர்கள் பலர் ஏற்கவில்லை. ஹிஜ்ரி 204, ரஜப் மாதக் கடைசி நாள், கி.பி. 820 ஜனவரி. வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு அடக்கம்.

முஸனீ போய், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டபோது, “உலகத்தைவிட்டுக் கிளம்புகிறேன், சகோதரர்களைப் பிரிகிறேன். என் உயிர் சொர்க்கத்துக்குப் போகிறதா, வாழ்த்துச் சொல்ல, நரகத்துக்குப் போகிறதா, ஆறுதல் சொல்ல, தெரியவில்லை” என்றாராம்.

அதே ஊரில்தான் நபிகளாரின் பேரர் ஹஸனின் வழிவந்த ஸையிதா நஃபீஸா இருந்தார். இமாமின் ஜனாஸாவை (உடலை) அவர் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோனார்கள், அந்த அம்மா தொழுதார். “ஷாஃபிஈக்கு அல்லாஹ் அருள் புரியட்டும், அவர் ஒளுவை (தொழுகைக்கு முன் செய்யும் சுத்தத்தை) நன்றாகச் செய்பவர்” என்று மட்டும் சொன்னதாக வருகிறது. அவ்வளவு பெரிய மேதைக்கு இவ்வளவு சின்னப் புகழ்ச்சி. அறிஞர்கள் பலர் இதற்குப் பெரிய விளக்கம் எழுதியிருக்கிறார்கள், எனக்கு விளக்கமில்லாமலே பிடித்திருக்கிறது.

இப்போது இருக்கும் கட்டடம் யார் கட்டியது?

முதலில் அது கராஃபா என்ற கபுருஸ்தானில் (இடுகாட்டில்) பனூ அப்துல் ஹகம் என்ற குடும்பத்துக்குச் சொந்தமான அடக்க இடம். அவர்கள்தான் இமாமை ஆதரித்தவர்கள். முந்நூற்றைம்பது வருடம் கழித்துத்தான் சுல்தான்கள் வருகிறார்கள். ஃபாத்திமிய்யா ஆட்சி 1171-ல் முடிந்தது, அவர்கள் ஷியாக்கள். ஸலாஹுத்தீன் அய்யூபி வந்து எகிப்தைச் சுன்னத் வல் ஜமாஅத் (சுன்னி) பக்கம் திருப்ப வேண்டும் என்று நினைத்தபோது, ஊருக்குள்ளேயே அடங்கியிருந்த ஷாஃபி இமாமைவிடப் பெரிய அடையாளம் வேறு என்ன கிடைக்கும்? கப்ருக்கு (கல்லறைக்கு) பக்கத்தில் ஒரு பெரிய மத்ரஸா (மார்க்கக் கல்வி நிலையம்) கட்டினார். 1183-ல் அந்த வழியாக வந்த பயணி இப்னு ஜுபைர், பார்ப்பதற்கு அது தனி ஊர் மாதிரி இருந்தது என்கிறார்.

அந்த மத்ரஸாவைப் பார்த்துக்கொண்ட கபூஷானி என்ற ஷைகு கொஞ்சம் கடுமையான ஆள். இமாமுக்குப் பக்கத்தில் ஏற்கெனவே அடங்கியிருந்த இப்னுல் கீஸானி என்பவர் கொள்கை சரியில்லாதவர் என்று சொல்லி, எலும்பைத் தோண்டி அப்புறப்படுத்தினார். பக்தி எங்கே முடிந்து அரசியல் எங்கே தொடங்குகிறது என்று அந்தக் காலத்திலும் பிரிக்க முடியவில்லை.

கப்ரின் மேல் நிற்கும் குப்பாவை (கும்மட்டத்தை) கட்டியவர் ஸலாஹுத்தீனின் தம்பி மகன் சுல்தான் காமில், ஹிஜ்ரி 608-ல், கி.பி. 1211. அவருடைய தாயாரும் உள்ளேதான் அடங்கியிருக்கிறார். ஆக அது இமாமின் அடக்கத்தலம் மட்டுமல்ல, ராஜகுடும்பம் பரக்கத் (அருள்) தேடி இமாமின் நிழலில் இடம்பிடித்த கதையும்தான்.

உள்ளே என்ன பார்க்க வேண்டும்?

உள்ளே சதுரம், பக்கத்துக்கு சுமார் 15 மீட்டர். சுவர் இரண்டு மீட்டருக்கும் மேல் தடிமன். குப்பா மரத்தாலானது, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கூடு, வெளியே ஈயத் தகடு. எல்லாரும் உள்ளே நுழைந்ததும் அண்ணாந்துவிடுகிறார்கள். நீலமும் சிவப்பும் தங்கமுமாக இருக்கும் அந்தச் சித்திர வேலை 1772-ல் அலீ பேய் காலத்துப் புதுப்பிப்பு. சுவரில் கீழே இருக்கும் பளிங்குப் பலகைகள் 1480 வாக்கில் சுல்தான் காயித்பேய் போட்டவை.

நீங்கள் முதலில் கீழே பாருங்கள். கப்ரின் மேலே இருக்கும் மரப்பேழைதான் இந்தக் கட்டடத்திலேயே உயர்ந்த பொருள், குப்பாவைவிடப் பழசு. ஸலாஹுத்தீன் காலத்தில் ஹிஜ்ரி 574-ல் செய்தது, தேக்கு. எகிப்தில் தேக்கு விளையாது. இந்தியப் பெருங்கடல் தாண்டி வரவேண்டிய மரம். நட்சத்திரமும் அறுகோணமுமாக ஒன்றோடொன்று பூட்டிய சின்னச் சின்னப் பலகைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் கொடி வேலைப்பாடு, சுற்றிலும் இரண்டு வகை எழுத்து: கோணம் கோணமான பழைய கூஃபி, வளைந்து ஓடும் நஸ்கீ. தச்சர் தன் பெயரையும் செதுக்கிவைத்திருக்கிறார்: உபைத், இப்னு மஆலி என்று அறியப்பட்டவர். சுல்தான்கள் பெயரை எழுதுவதற்குச் சுவர் முழுக்க இடம் இருந்தது, அவருக்கு ஒரு வரி போதுமாக இருந்திருக்கிறது. அடைப்புக் கிராதி வழியாகத்தான் பார்க்க முடியும், கண் பழகக் கொஞ்ச நேரமாகும்.

இன்னொரு வேடிக்கை. தொழும் திசையான கிப்லாச் சுவரில் அந்தத் திசையைக் காட்டும் மூன்று பெரிய மிஹ்ராபுகள் (மாடங்கள்) இருக்கின்றன. கட்டி முடித்த பிறகுதான் திசை சற்றுத் தப்பு என்று தெரிந்திருக்கிறது. அதனால் பிற்காலத்தில் மூலையில் சரியான திசையைப் பார்த்து நாலாவதாக ஒரு சின்ன மிஹ்ராப் வைத்தார்கள். பழைய முடிவைத் திருத்திக்கொண்ட இமாமின் தலத்தில் இது இருப்பது பொருத்தம்தான்.

குப்பாவின் உச்சியில் கப்பல் எதற்கு?

பிறை இருக்க வேண்டிய உச்சியில் உலோகத்தில் செய்த ஒரு சின்னப் படகு நிற்கும். இல்மின் கடல் என்பதற்கு அடையாளம் என்று ஒரு விளக்கம். நம் ஊரில் ஓதும் நபிபுகழ்ப் பாடலான புர்தா ஷரீஃபை இயற்றிய பூஸீரி பாடியதாக இரண்டு அடி உண்டு: இமாம் இறந்ததும் இல்மின் வெள்ளம் வடிந்துவிட்டது, கப்பல் இந்தக் கப்ரையே ஜூதி மலையாக எண்ணி வந்து நின்றுவிட்டது என்பது கருத்து. நூஹ் நபியின் கப்பல் ஒதுங்கிய மலை ஜூதி.

இன்னொரு விளக்கம் பறவைகளுக்கு. 1830-களில் கெய்ரோவில் வாழ்ந்த எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர் எழுதிவைத்திருக்கிறார்: முன்பெல்லாம் இமாமின் மவ்லிது (பிறந்தநாள் விழா) வரும்போது அந்தக் கப்பலில் கோதுமையும் ஓர் ஒட்டகச் சுமைத் தண்ணீரும் பறவைகளுக்காக வைப்பார்களாம். காற்றே இல்லாதபோதும் கப்பல் திரும்பும், அது திரும்பும் பக்கத்தைப் பார்த்து நல்லது கெட்டது சொல்வார்கள் என்றும் எழுதியிருக்கிறார். அவ்வளவு உயரத்துக்கு ஓர் ஒட்டகச் சுமைத் தண்ணீரை யார் தூக்கிக்கொண்டு ஏறினார்கள் என்பதுதான் என் கேள்வி.

இமாமுக்குக் கடிதம் போடுவார்களாமே, உண்மையா?

உண்மை. தபால்தலை ஒட்டி, முகவரி எழுதி, தபாலிலேயே வரும். நேரில் வருபவர்கள் கிராதிக்குள் போட்டுவிட்டும் போவார்கள். எகிப்தியச் சமூகவியலாளர் ஸையித் உவைஸ் இப்படி வந்த 163 கடிதங்களைப் படித்து ஆய்வு செய்து 1965-ல் வெளியிட்டார். பெரும்பாலும் புகார்கள்: திருட்டுப் போனது, அடித்துவிட்டார்கள், சொத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள், யார் என்று தெரியவில்லை, நீங்கள் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். வலிமார்களுக்குள் (இறைநேசர்களுக்குள்) மறைவான ஒரு நீதிமன்றம் இருக்கிறது, நபிகளாரின் பேத்தி ஸையிதா ஸைனப் தலைமை, இமாம் ஷாஃபிஈ அதில் காழி (நீதிபதி) என்பது மக்கள் நம்பிக்கை. நாகூரில் சீட்டு எழுதிக் கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியாமல் போகாது. தீர்ப்புக்கு ஆதாரம் என்ன என்று வாழ்நாள் முழுக்கக் கேட்டவரிடம், ஆதாரமே இல்லாத ஏழைகள் மனுப் போடுகிறார்கள். போலீசுக்கும் கோர்ட்டுக்கும் போக முடியாதவன் வேறெங்கே போவான்?

கப்ரின் மேல் கட்டடம் கட்டுவது பற்றி இமாமே என்ன சொன்னார்?

இதுதான் அதிகம் சண்டை வரும் கேள்வி. உம்மு நூலில் தெளிவாக இருக்கிறது: கப்ரைத் தரையிலிருந்து ஒரு சாண் அளவுக்கு உயர்த்தினால் போதும், அதைத் தோண்டிய மண்ணைத் தவிர வேறு மண் சேர்க்க வேண்டாம், அதன் மேல் கட்டுவதும் காரை பூசுவதும் வேண்டாம் என்பதே தன் விருப்பம் என்கிறார். அது பகட்டைப் போன்றது, மரணம் பகட்டுக்குரிய இடமல்ல என்கிறார். மக்காவில் கப்ருகளின் மேல் கட்டியதை ஆளுநர்கள் இடித்ததைப் பார்த்தேன், ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அறிஞர்கள் அதைக் குறை சொல்லவில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

அப்படி எழுதியவர் தலைக்கு மேல்தான் எகிப்தின் மிகப் பெரிய குப்பாக்களில் ஒன்று. கட்டியவர்களும் ஷாஃபிஈகள், மத்ரஸாவில் அந்த உம்முவையே ஓதிக்கொடுத்தவர்கள். பொது கபுருஸ்தானில் கூடாது, ஸாலிஹீன்களுக்கு (நல்லடியார்களுக்கு) விலக்கு உண்டு என்றெல்லாம் பின்னால் வந்த ஆலிம்கள் பேசினார்கள். நான் ஃபத்வா சொல்ல வரவில்லை. அவர் வரியை மறைத்துவிட்டுக் குப்பாவைப் புகழ்வதும் சரியில்லை, அந்த வரியைக் காட்டி 800 வருடத்துத் தச்சு வேலையை உடைக்கலாம் என்பதும் சரியில்லை என்பது என் எண்ணம். ஒரு சாண் மண் போதும் என்றவரை ஊர் அப்படி விடவில்லை.

அவர் உடலை பாக்தாதுக்கு மாற்றப் பார்த்தார்களாமே?

ஸல்ஜூக் அமைச்சர் நிஜாமுல் முல்க் தன் பாக்தாத் மத்ரஸாவுக்குக் கொண்டுபோகக் கேட்டதாகவும், தோண்டியபோது கிளம்பிய நறுமணத்தில் தோண்டியவர்கள் மயங்கி விழ, முயற்சி கைவிடப்பட்டதாகவும் சரித்திரக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். கராமத் (இறைநேசரின் அற்புதம்) என்று எடுப்பவர்கள் எடுக்கலாம். எகிப்துக்காரர்கள் விட்டுக்கொடுக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

இப்போது திறந்திருக்கிறதா? எப்படிப் போவது?

திறந்திருக்கிறது. ஐந்து வருடம் பழுதுபார்ப்பு நடந்து 2021 ஏப்ரலில் திறந்தார்கள். அந்த வேலையின்போது தரைக்கடியில் ஃபாத்திமிய்யா காலத்ததாகக் கருதப்படும் இன்னும் பழைய கட்டடத்தின் மிச்சங்கள் கிடைத்தன. ஒட்டியிருக்கும் பள்ளிவாசல் அவ்வளவு பழசல்ல, 1890-களில் எகிப்தின் ஆட்சியாளர் கெதீவ் தவ்ஃபீக் கட்டியது. அதில் ஐவேளைத் தொழுகை உண்டு.

கோட்டைக்குத் தெற்கே ஸையிதா ஆயிஷா சதுக்கம் வந்துவிடுங்கள். அங்கிருந்து இமாம் ஷாஃபிஈ தெரு நேராகக் கபுருஸ்தானுக்குள் போகிறது. மினி வேன் கிடைக்கும், “அல்இமாம்” என்று சொன்னால் போதும், எந்த இமாம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். இருபக்கமும் கல்லறை வளாகங்கள், அதிலேயே குடியிருக்கும் குடும்பங்கள், துணி காயும், பிள்ளைகள் பந்து விளையாடும். சமீப வருடங்களில் சாலைக்காகவும் மேம்பாலத்துக்காகவும் இந்தப் பக்கத்துப் பழைய கல்லறைகள் நிறைய இடிபட்டன. முன்பு போனவர் சொன்ன அடையாளத்தை நம்பிப் போகாதீர்கள், தலையைத் தூக்கிக் கப்பலைத் தேடுங்கள்.

வெள்ளிக்கிழமை கூட்டம் அதிகம். வேலைப்பாட்டைப் பார்க்க வேண்டுமென்றால் வேறு நாளில், லுஹருக்கும் (நண்பகல் தொழுகை) அஸருக்கும் நடுவில் போங்கள். பின்புறம் எகிப்தை ஆண்ட முஹம்மது அலீ பாஷா குடும்பத்தின் அடக்கத்தலம், நடந்து போகும் தூரத்தில் லைஸ் இப்னு ஸஃதின் கப்ரு. அவரும் பெரிய இமாம், மாலிக்கைவிட ஃபிக்ஹ் அறிந்தவர், சீடர்கள்தான் அவரைக் காப்பாற்றாமல் விட்டுவிட்டார்கள் என்று ஷாஃபி இமாமே வருந்தியிருக்கிறார். முதலில் அங்கே ஒரு ஸலாம் சொல்லிவிட்டு வந்தால் இமாம் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார்.